எக்ஸாமினர் சீனி இபுராகிம் சாயபும் நான் வாசிக்காத காகிதமும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் பாம்பன் கரையில் நின்று சூடை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். காளிமுத்து சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் பழைய சுங்கக் கொட்டகையில் சிப்பந்தியாக இருந்தவர். முகத்தைப் பார்த்ததுமே யாரோ போய்விட்டார்கள் என்று தெரிந்தது. யார் என்பதுதான் தெரியவில்லை.

"அக்கா, எக்ஸாமினர் பாய் தவறிட்டாக. விடியக்காலத் தொழுகைக்கு எந்திரிச்சவுக அப்படியே சரிஞ்சிட்டாகளாம். பொழுது சாயுறதுக்குள்ள அடக்கம். நான் போறேன், நீங்க வாரீகளா?"

கேட்டுவிட்டு அவரே தயங்கினார். நான் வருவேனா என்று அவருக்குச் சந்தேகம். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. நானும் எக்ஸாமினர் சீனி இபுராகிம் சாயபும் ஆறு வருடம் ஒரே கொட்டகையில், ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்த்தோம் என்பது தீவு முழுக்கத் தெரிந்த கதை. அந்தக் கதையில் தவறு யார் பக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறதோ, அது சரியல்ல. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை, விரலும் வலிக்கிறது. ஆனாலும் நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கு வேறு ஆளில்லை.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். இலங்கைக் கப்பல் எங்கள் துறையில் வந்து அணைந்ததும், இறங்குகிற ஜனம் அத்தனையும் எங்கள் கொட்டகைக்குள் நுழைந்துதான் ரயிலுக்குப் போக வேண்டும். பெட்டிகளையும் மூட்டைகளையும் திறந்து பார்ப்பவர் எக்ஸாமினர். பெண்களைக் கித்தான் மறைப்புக்குள் அழைத்துப்போய், உடம்பில் எதையாவது ஒளித்திருக்கிறார்களா என்று தொட்டுப் பார்ப்பவள் சர்ச்சர். அந்தச் சர்ச்சர் நான். சுதந்திரம் வந்த மறு வருடம், ரயில்வேயில் இருந்த என் கணவர் இறந்து, கைக்குழந்தையோடு சிக்கல் ஊரில் என் அய்யா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்த வேலை. எட்டாவது தேறியிருந்தேன். அதைவிட, தாலியறுத்தவளுக்கு நகையில் ஆசை இருக்காது என்று யாரோ மேலே முடிவு செய்தார்களாம். நல்ல கண்டுபிடிப்புதான்.

முதல் நாள் எனக்குக் கை வரவில்லை. முன்பின் தெரியாத பெண்ணின் இடுப்பில் எப்படிக் கை வைப்பது? மறைப்புக்கு வெளியே நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். மேசைக்கு அப்பால் இருந்து ஒரு குரல் வந்தது.

"தங்கச்சி, மொதல்ல கையக் கழுவுங்க. கழுவிட்டு ஈரத்த நல்லாத் தொடச்சிட்டுப் போங்க. சில்லுன்னு பட்டா அவுகளுக்குக் கூச்சம் இன்னும் சாஸ்தியாயிரும்."

நான் என் கூச்சத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே நிற்கிற பெண்ணின் கூச்சத்தை நினைத்தார். நிமிர்ந்து பார்த்தேன். ஒல்லியாக, கன்னம் ஒட்டி, காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். அன்று முதல் அவர் பேச்சைக் கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போவேன்.

அவர் வேலை செய்வதைப் பார்க்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். மற்ற எக்ஸாமினர்கள் மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலால் கூடத் தள்ளிப் பார்த்துவிட்டு "அள்ளிக்கிட்டுப் போ" என்பார்கள். இவர் வீட்டிலிருந்து வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவருவார். அதை மேசையில் விரித்து, ஒவ்வொரு பொருளாக எடுத்து வைப்பார். தேயிலைத் தூள் டப்பா, பிள்ளையின் கவுன், சாமி படம், தேங்காய் துருவி. பார்த்து முடித்ததும், எந்த வரிசையில் எடுத்தாரோ அந்த வரிசையிலேயே மடித்துத் திரும்ப வைப்பார். தோட்டத்திலிருந்து திரும்பி வந்த பெரியவர் ஒருவரின் மூட்டையில் ஒரே ஒரு சிவப்புச் சேலை இருந்தது. "யாருது?" என்று கேட்டார். "போயிட்டாய்யா" என்றார் பெரியவர். இபுராகிம் சாயபு அந்தச் சேலையை விரிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே உள்ளே வைத்தார்.

அதற்குள் ரயில் ஊதிவிடும். மேலதிகாரி கத்துவார். நானும் சத்தம் போட்டிருக்கிறேன்.

"பாய், ரயிலு ஒங்களுக்காக நிக்குமா?"

"நிக்காது தங்கச்சி. ஆனா இவுக இருபது வருசமாச் சேத்தத நாம மண்ணுல கொட்டிட்டு, சீக்கிரம் ரயிலேத்தி விட்டோம்னா அது என்ன பெருமை?"

பார்த்து முடித்த பெட்டியில் சாக்பீஸால் குறி போடுவார். ஒவ்வொரு எக்ஸாமினருக்கும் ஒரு குறி உண்டு. அவருடையது ஒரு கோடும் பக்கத்தில் ஒரு புள்ளியும். குறி விழுந்த பெட்டியை யாரும் மறுபடி திறக்க மாட்டார்கள். பெண்களின் பெட்டிக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. மறைப்புக்குள்ளிருந்து நான் "பார்த்தாச்சு" என்று குரல் கொடுத்த பிறகுதான் சாக்பீஸ் பெட்டியைத் தொடும். அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. பிற்பாடு வந்த வினையெல்லாம் அந்தச் சொல்லால் வந்ததுதான்.

ஊர் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுவிட்டுப் போன ஆங்கில அகராதி அவரிடம் இருந்தது. அட்டை பிய்ந்து, கரையான் ஓரம் அரித்தது. கப்பல் வராத நேரத்தில் தேநீரை ஆறவிட்டு அதைப் படித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சொல்லும் எந்த ஊரில் பிறந்து எங்கெங்கே சுற்றி வந்தது என்று அதில் போட்டிருக்குமாம். காளிமுத்துவுக்கு அது கொட்டாவி வரவழைக்கும் சமாச்சாரம். எனக்கும் பொழுது போக வேண்டுமே என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எட்டு வருசமா எக்ஸாமினர்னு கையெழுத்துப் போடுறேன், என்னான்னு இன்னைக்குத்தான் பாத்தேன்" என்றார்.

"என்னவாம்?"

"லத்தீன் பாசையாம். தராசுல நடுவுல ஒரு முள்ளு நிக்கும்ல, அதுக்கு எக்ஸாமன்னு பேரு. அந்த முள்ளப் பாத்து எடை போடுறதுதான் எக்ஸாமின். பிள்ளைக எழுதுற பரீட்சையும் அதுலயிருந்து வந்ததுதானாம்."

"எங்க ஊரு மீன்காரி அந்த முள்ள ஒத்த விரலால நிப்பாட்டிருவா பாய்" என்றேன்.

சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும். "அதான் தங்கச்சி விசயமே. விரல் படாம இருக்கணும். முள்ளுக்கு வாங்குறவன் வேண்டியவனும் இல்ல, விக்கிறவன் வேண்டாதவனும் இல்ல. பாரம் எங்கன இருக்கோ அங்கன சாயும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்." பிறகு பக்கத்தை மறுபடி பார்த்து, "இன்னொன்னு போட்டிருக்கான். கூட்ட விட்டுக் கெளம்புற தேனீக் கூட்டத்துக்கும் அதே பேராம். வெளிய தள்ளுறதுன்னு ஒரு சொல்லு, அதுல பொறந்த ரெண்டு பிள்ளைகளாம் இது. தேனீக்கும் தராசுக்கும் என்ன ஒறவோ!"

"கப்பல் எறங்குறப்ப வந்து பாருங்க, தெரியும்" என்றேன். அவர் அதை ரொம்ப ரசித்தார். அகராதியின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.

"சரி, என் வேலைக்கு என்ன அர்த்தம் போட்டிருக்கான்?" என்று கேட்டேன்.

பக்கம் பக்கமாகத் தள்ளிக் கண்டுபிடித்தார். சர்ச் என்ற சொல் வட்டத்தில் பிறந்ததாம். சுற்றி வருவது என்று பொருளாம். "சரியாத்தான் வச்சிருக்காக. நாள் பூரா நாலு முழத்துக் கித்தானுக்குள்ளதான சுத்தி வாரேன்" என்றேன். அந்த மாதிரி நாட்கள் கொஞ்சம் இருந்தன. அதை மறைக்கக் கூடாது.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

எனக்கு நாலு நாளாகக் காய்ச்சல். அந்தக் கொட்டகைக்கு நான் ஒரே ஒரு சர்ச்சர். மாற்றாள் வராமல் விடுப்பு எடுக்க முடியாது. எலும்பெல்லாம் கழன்று விழுவது போல வலி. கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்தியது. அன்று வந்த கப்பலில் கூட்டமும் அதிகம். கடைசியாக உள்ளே வந்தவள் நிறைமாதக்காரி. வெளிறிப்போய், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்தாள். நிறைமாதக்காரிகளைச் சேலை அவிழ்க்கச் சொல்வதில்லை. அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தால் போதும். எது உடம்பு, எது துணி என்று கைக்குத் தெரிந்துவிடும்.

நான் கையை வைக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "செத்த நேரம் உக்காருங்கக்கா, உங்களுக்கும் முடியலையா?" என்று அவள் கேட்டாள். அன்று காலையிலிருந்து என்னை ஒருவர் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது. செம்பில் இருந்த தண்ணீரை அவளுக்குக் கொடுத்தேன். அவள் குடித்ததும் "பார்த்தாச்சு" என்று குரல் கொடுத்தேன். வெளியே சாக்பீஸ் கோடு இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் போய் ரயிலேறினாள்.

மண்டபத்தில் வேறொரு சுங்கப் படை அவளை இறக்கிச் சோதித்தது. அவள் கர்ப்பிணியே இல்லை. வயிற்றில் துணிக்கச்சை, கச்சை முழுக்கத் தங்கக் கட்டி.

விசாரணை வந்தது. என்னை நிற்க வைத்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். வேலை போய்விட்டால் மகளின் படிப்பும் எங்கள் இருவர் சோறும் போய்விடும். பக்கத்தில் நின்ற இபுராகிம் சாயபு ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காப்பாற்றிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சர்ச்சர் தொட்டுப் பார்த்தாள், கச்சை அப்படி நேர்த்தியாகக் கட்டியிருந்தது, யாருக்கும் தெரியாது என்று சொன்னால் போதும். அவர் சொன்னால் நம்புவார்கள். மூன்றாம் நாள் காளிமுத்து வந்து காதில் போட்டார்.

"அக்கா, பாய் எழுதிக் குடுத்துட்டாக. நீங்க அந்தப் பொம்பளையத் தொட்டே பாக்கலன்னு எழுதிருக்காகளாம். ரைட்டரு சொன்னாரு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அத்தனை பேர் முன்னால் அவர் மேசைக்கு எதிரே போய் நின்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். கூட இருந்தே குழி பறித்தவர் என்றேன். எழுத முடியாததையும் சொன்னேன். அவர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நடந்தத எழுதுனேன் தங்கச்சி. உத்தரவு வரும்போது ஒங்களுக்கும் ஒரு நகல் தருவாக. யாரையாச்சும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க" என்றார்.

"வாசிச்சா வயிறு நெறைஞ்சிருமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

உத்தரவு வந்தது. என் வேலை போகவில்லை. வருடாந்தர உயர்வை நிறுத்தியதோடு விட்டார்கள். சாயபை அதே மேசையில் வைத்து, பதவியில் ஒரு படி இறக்கிவிட்டார்கள். என் புண்ணியம் என்னைக் காத்தது, அவர் செய்ததற்கு ஆண்டவன் கூலி கொடுத்தான் என்று நான் நினைத்தேன். உத்தரவோடு வந்த நாலு பக்க ஆங்கிலக் காகிதத்தை மடித்து, ரேஷன் அட்டையோடு தகரப் பெட்டியில் போட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே! ஊரார் மூட்டையை எல்லாம் நூல் நூலாகப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள், என் பெட்டிக்குள் கிடந்ததைப் பார்க்கவில்லை.

ஆறு வருடம் அப்படியே போனது. மறைப்புக்கு உள்ளே நான், வெளியே அவர். "பார்த்தாச்சு" என்பேன். சாக்பீஸ் கோடு இழுபடும். தினமும் அந்த ஒரு சொல்லைத் தவிர எங்களுக்குள் எதுவும் இல்லை. பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து வரும் பலகாரத்தைக் காளிமுத்து எனக்கும் ஒரு பங்கு கொண்டுவருவார். திருப்பி அனுப்பிவிடுவேன். கோபம் கூட முதல் இரண்டு வருடம்தான் இருந்தது. பிறகு சலிப்புத்தான். பேச்சை மறுபடி தொடங்குவது பெரிய வேலையாகத் தோன்றியது. அவர் ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் கூடி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

பிறகு புயல் வந்தது. அந்த வாரம் மகளோடு சிக்கலில் அய்யா வீட்டில் இருந்ததால் நான் பிழைத்தேன், கூட எடுத்துப்போன தகரப் பெட்டியும் பிழைத்தது. கொட்டகை போயிற்று, அதிலிருந்த கோப்புகளும் போயின. என் வேலையை ராமேசுவரத்துக்கு மாற்றினார்கள். இந்த வருடம் சித்திரையில், பழைய ஊழியர்கள் அவரவர் கையில் இருக்கும் உத்தரவு நகல்களைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று கேட்டார்கள். எந்தக் காகிதம் எது என்று பிரித்துக் கொடுக்கும்படி என் மகள் செல்வியிடம் பெட்டியைக் கொடுத்தேன். அவள் இப்போது ஆசிரியப் பயிற்சி முடித்தவள். அந்த நாலு பக்கத்தைப் படித்தவள், "அம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். அந்தப் பாய் என்னைக் காட்டிக் குடுத்தது" என்றேன்.

"அது மொத வரிதாம்மா. மிச்சத்தக் கேளு" என்று பாய் எழுதிக் கொடுத்ததைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

சர்ச்சர் அந்தப் பெண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது உண்மை. அவள் மறைப்புக்குள் போனதையும் வந்ததையும் நான் பார்த்தேன். அந்த நேரத்துக்குள் ஒருவரைச் சோதிக்க முடியாது. சோதிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே குறி போட்டேன். சர்ச்சருக்கு நாலு நாளாகக் காய்ச்சல். மாற்றாள் கேட்டு நான் இரண்டு முறை பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். நிற்க முடியாதவர் சொன்ன சொல்லை, நிற்க முடிந்தவனாகிய நான் தடுத்திருக்க வேண்டும். எனக்கும் அன்று அலுப்பாக இருந்தது. இதைச் சலுகைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அதன் கீழே விசாரணை அதிகாரியின் முடிவு இருந்தது. சர்ச்சரை வேலையிலிருந்து நீக்குவதாக இருந்தோம், எக்ஸாமினர் தாமே ஒப்புக்கொண்டபடி பெரும்பங்குப் பொறுப்பு அவருடையது என்பதால் அவரைப் படியிறக்கி, சர்ச்சரை வேலையில் வைத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்களாம்.

"மறுபடி வாசி" என்றேன். வாசித்தாள். மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் பதவி தப்பியிருக்கும், நான் தெருவில் நின்றிருப்பேன். நான் எதிர்பார்த்தபடி எனக்காகப் பொய் சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். செல்வி படித்தது அந்தச் சம்பளத்தில்தான். வெட்கமாக இருந்தது. அழுகை கூட உடனே வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஊர் பெரியபட்டினத்துக்குப் போய் அவரைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். போகவில்லை. முழங்கால் வலி, பஸ் மாற வேண்டும், வெயில் குறையட்டும் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. உண்மையில், போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சமைக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன், எதுவும் சரியாக வராது. இரண்டு மாதம் இப்படி ஓடியது. செவ்வாய்க்கிழமை காளிமுத்து வந்தார்.

மீனை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள். உள்ளே பெண்களுக்கு நடுவே அவர் மனைவி நாச்சியா என்னை அடையாளம் கண்டு, பாயில் இடம் விட்டார். "வந்துட்டீகளா? இதுக்குத்தான் கெடந்து மருகுனாக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சந்தூக்கைத் தூக்கும் முன் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர் மகன் காதர் வாசலில் நின்று, "எங்க வாப்பா யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா அல்லாவுக்காகப் பொருந்திக்கிடுங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "பொருந்திக்கிட்டோம்" என்று எல்லோரும் சொன்னார்கள். அதோடு தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். காதர் பெண்கள் பக்கத்து நிலைப்படிக்கு வந்து, தலையைக் குனிந்தபடி நின்றார்.

"சர்ச்சரம்மா, நீங்க தனியாச் சொல்லணும். நான் எழுதுனது சரிதான், ஆனா அந்தத் தங்கச்சி மனசு நொந்துபோச்சுன்னு வாப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக. நீங்க பொருந்திக்கிட்டேன்னு சொன்னா நாங்க தூக்கிருவோம்."

"தம்பி, அவுக எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல. நான்தான்" என்று தொடங்கினேன். வெளியே யாரோ "நேரமாச்சு" என்றார்கள். நாச்சியா என் கையை இறுக்கினார். "ஒத்த வார்த்தம்மா" என்றார் காதர். அவர் கண் கலங்கியிருந்தது. தகப்பனை நிம்மதியாக அனுப்ப வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறு எண்ணமில்லை.

"பொருந்திக்கிட்டேன்" என்றேன்.

சந்தூக்கு எழுந்தது. காளிமுத்துவும் தோள் கொடுத்தார். பக்கத்திலிருந்த வயதான அம்மா ஒருவர் என் முதுகைத் தடவி, "உங்களுக்குப் பெரிய மனசும்மா" என்றார். வேலிகளுக்கு நடுவே மணல் பாதையில் அவரைக் கொண்டுபோவதைப் பார்த்தபடி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் திரும்பும் வரை என்னால் உட்காரவும் முடியவில்லை.

அன்று அங்கே இருந்த அத்தனை பேரும், அவர் எனக்கு ஏதோ தீங்கு செய்தார், நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காதர் தம்பி, இதை உங்கள் ஊரில் நாலு பேர் கூடுகிற இடத்தில் வாசியுங்கள். உங்கள் வாப்பா எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, ஆறு வருடம் என் பகையைச் சுமந்தவர் அவர்.

பாய், அன்றைக்கு உங்கள் வீட்டில் நான் சொன்ன 'பொருந்திக்கிட்டேன்' என்ற சொல்லை நீங்கள்தான் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். கேட்பதற்கு நான் நேரத்தோடு வரவில்லை. போய் வாருங்கள்.